இதய பலவீனமுள்ளவர்கள் தவிர்க்கவும்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் என் போன் அடித்தால் அது அக்காதான். சாப்பிட்டாயா, தடிமன் இருமல் மாறிவிட்டதா என்ற கேள்விகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு உரியவை. செவ்வாயில் ஒரே கேள்விதான் வரும்: இந்தக் கிழமை என்ன படம், அதில் எவ்வளவு அடிதடி?

நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பிழை திருத்துகிறேன். வார இணைப்பில் புதுப் படங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர் கனடாவுக்குப் போனபோது, அவருடைய மேசை விசிறி ஒருவருக்கும் அவருடைய பக்கம் எனக்கும் கிடைத்தன. எனக்கு விசிறிதான் தேவைப்பட்டது. சண்டைப் படம் என்றால் எனக்கு ஆகவே ஆகாது. ஆனால் இந்த நகரத்தில் வெளியாகிற படங்களில் முக்கால்வாசி சண்டைப் படம்தான். தமிழில் ஒருவன் துறைமுகத்தில் கொள்கலன்களுக்கு நடுவில் நின்று அடிப்பான். ஆங்கிலத்தில் கார்கள் கட்டடத்துக்குக் கட்டடம் பாயும். சிங்களத்தில் ஒரு பழைய அரசன் வாளோடு வருவான். குதிரை மட்டும் எல்லாப் படத்திலும் ஒரே குதிரை போலத் தெரியும். இவை அத்தனைக்கும் நான் வாரா வாரம் கட்டியம் கூற வேண்டும்.

இதில் வேடிக்கை, நான் எழுதுகிற எந்தப் படத்தையும் நான் பார்த்ததில்லை. பக்கம் செவ்வாய் இரவு அச்சுக்குப் போகிறது, பேப்பர் வியாழக்கிழமை வருகிறது, படம் வெள்ளிக்கிழமைதான் தியேட்டருக்கு வருகிறது. படத்தைத் தருவிக்கிறவர்களின் ஆள் வட்ஸ்அப்பில் ஒரு போஸ்டரும் ஒரு ட்ரெய்லரும் எட்டு வரியும் அனுப்புவார். வெள்ளவத்தையில் என் பிளாட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கீழே காலி வீதியில் பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துச் சண்டைபிடிக்க, அந்த எட்டு வரியை முப்பது வரியாக இழுப்பேன். போஸ்டரில் கதாநாயகன் கண்ணாடி போட்டிருந்தால் பொலிஸ். போடாவிட்டால் பொலிஸாக இருந்து விலகியவன். பத்துக்கு எட்டுத் தரம் சரியாகத்தான் வரும்.

இதை நான் அக்காவுக்கு எத்தனையோ முறை விளங்கப்படுத்திவிட்டேன். அக்கா கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். பார்க்காமல் பார்த்த மாதிரி எழுதுவது அவர் அகராதியில் பரீட்சையில் கொப்பியடிப்பதற்குச் சமம். அப்படி எழுத ஒரு பத்திரிகை விடாது என்பது அவருடைய முடிந்த முடிவு. நான் சும்மா கதை விடுகிறேன், அத்தானுக்குச் சாதகமாக எதையோ மறைக்கிறேன் என்றுதான் நினைத்தார்.

எல்லாம் அத்தானால் வந்த வினை.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், புதுக்கடை நீதிமன்றத்தில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க். வெள்ளிக்கிழமை கோர்ட் முடிந்ததும் நேராகத் தியேட்டர். கல்யாணத்துக்கு முன்னும் அப்படி, பின்னும் அப்படி. வாந்தி வந்தாலும் வயிற்றோட்டம் வந்தாலும் படம் ஓடும்போது கதிரையை விட்டு எழும்பமாட்டார். கடைசியில் பெயர்கள் ஓடி முடிந்து, துப்புரவாக்க வருகிறவர் தும்புக்கட்டையோடு பக்கத்தில் வந்து நிற்கும்வரை இருப்பார். கல்யாணமான புதிதில் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். அக்கா அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தார். பாதியில் தலை சுற்றி, வெளியே போவோம் என்று கேட்டிருக்கிறார். இடைவேளை வரட்டும் என்று அத்தான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாராம். அக்கா தன் புதுக் கைப்பையைத் திறந்து அதற்குள் வாந்தி எடுத்தார். அன்றைக்குப் பிறகு அவர் தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. அந்த வயிற்றுப் பிள்ளை இப்போது மெல்பேர்னில் இருக்கிறான், தலை வழுக்கை விழுந்துவிட்டது. அந்தக் கைப்பையின் கதை மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

போன வருடம் அத்தானுக்கு நெஞ்சு நோ வந்தது. நீதிமன்றப் படியில் பைல் கட்டோடு உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அக்கா லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். மடியில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் அத்தானின் செருப்பும் மணிக்கூடும் கழற்றிய சேர்ட்டும். நான் வாங்கி வந்த தேநீரைப் பிடிக்க அவருக்குக் கை இல்லை. இரண்டு கையாலும் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பையைத் தா அக்கா என்று கேட்டேன். தரவில்லை. அந்த நாளைப் பற்றி அவர் பிறகு ஒருவரோடும் கதைத்ததில்லை.

அத்தான் பிழைத்து வந்தார். இளம் டொக்டர் ஒருவர், எண்ணெயைக் குறையுங்கள், காலையில் நடவுங்கள், தேவையில்லாத பரபரப்பு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். எண்ணெய் குறைந்தது. ஒவ்வொரு காலையும் ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் வரை நடந்து போய் வந்தார். மூன்றாவது சொல்லைத்தான் அக்கா பாடத்திட்டம் மாதிரி எடுத்துக்கொண்டார். சண்டைப் படம் பரபரப்பு; ஆகவே சண்டைப் படம் இல்லை. அத்தான் அப்பீலுக்குப் போனார். பல நாள் விவாதத்துக்குப் பிறகு, அமைதியான படமென்றால் போகலாம், எது அமைதியான படம் என்பதைத் தங்கச்சி சொல்வாள் என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தங்கச்சி நான். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என் பிழைப்பு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்கிற கணக்கில் போனது. எங்கள் ஆசிரியருக்கு 'அதிரடி' இல்லாத தலைப்பு உப்பில்லாத கறி. நான் எழுதாவிட்டால் அவரே போட்டுக்கொள்வார். ஆகவே பேப்பரில் படத்தைச் சத்தமாக்குவேன். செவ்வாய்க்கிழமை போனில் அக்காவுக்கு அதே படத்தின் சத்தத்தைக் குறைப்பேன், பாவம் அந்த மனிசன் போய்ப் பார்க்கட்டுமே என்று. வியாழக்கிழமை பேப்பர் வந்ததும் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்வார்கள். போனில் குடும்பக் கதை என்றாயே, பேப்பரில் ஏன் ரத்தம் தெறிக்கும் என்று எழுதியிருக்கிறாய் என்று அக்கா. பேப்பரில் ரத்தம் தெறிக்கும் என்று சொன்னவர் அக்காவிடம் ஏன் பாட்டு ஐந்து என்று சொன்னீர், எது உம்முடைய வாக்குமூலம் என்று அத்தான். புதுக்கடையில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவரிடம் குறுக்கு விசாரணையில் தப்ப முடியுமா?

ஒரு முறை போஸ்டரில் கதாநாயகன் தோளில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு சிரித்தான். அப்பாடா என்று இருந்தது. தகப்பன் பிள்ளைப் பாசம், தாராளமாகப் போகலாம் என்று சான்றிதழ் கொடுத்தேன். அத்தான் போனார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். படம் தொடங்கி ஐந்தாவது நிமிடம் குழந்தையைக் கடத்திவிட்டார்கள். மிச்சம் முழுவதும் ஒரு மரம் அரியும் ஆலைக்குள் நடந்தது. அக்கா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அத்தான் ஒரு ஆளிடம் கூடை நிறைய ரம்புட்டான் பழம் கொடுத்தனுப்பினார்.

இதெல்லாம் சின்னப் படங்கள். உண்மையான வில்லங்கம் இந்த வருடம் வந்தது. அத்தான் பள்ளிக்கூடத்தில் படித்த காலம் முதல் தலையில் வைத்துக் கூத்தாடிய நடிகரின் புதுப் படம். அந்த நடிகருக்கு இப்போது அத்தானை விட வயது கூட. சண்டைப் படத்தில் இதுதான் கடைசி என்று அறிவித்திருந்தார். அப்படி அறிவிப்பது மூன்றாவது தடவை. ஆனால் அத்தான் இந்த முறை நம்பினார். தனக்கு நடந்ததற்குப் பிறகு கடைசி என்ற சொல்லை அவர் வேறு மாதிரி எடுக்கத் தொடங்கியிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு நாள் கோயிலிலிருந்து திரும்புகிற வழியில் எனக்கு போன் எடுத்தார். வழக்கமான விசாரணைத் தொனி இல்லை.

"பிள்ளை, இந்த ஒண்டுக்கு மட்டும் அக்காவிட்டச் சொல்லும். பிறகு நான் கேக்கமாட்டன்."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. போகச் சொல்லி அங்கே ஏதாவது நடந்தால் அக்கா என் முகத்தில் முழிக்கமாட்டார். போக வேண்டாம் என்றால் இந்த மனிசன் சாய்மனைக் கதிரையில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டே தேய்ந்துபோவார். பார்க்காத ஒரு படத்தை வைத்து இதை நான் தீர்க்க வேண்டுமாம்.

அந்த முன்னோட்டத்தை என் வாழ்நாளில் எதையும் எழுதாத கவனத்தோடு எழுதினேன். அதிரடி இல்லை, சரவெடி இல்லை. முதிர்ந்த நடிப்பு, தாய் தந்தை பாசம், கண்ணுக்கினிய ஒளிப்பதிவு. வாசித்தால் படம் ஏதோ கோயில் திருவிழாவைப் பற்றியது என்று நினைப்பார்கள். செவ்வாய் பின்னேரம் அக்காவுக்கும் அதையே சொன்னேன். அவர் கொஞ்சம் இளகியதும் தெரிந்தது. பேப்பரில் வரட்டும் பார்ப்போம் என்றார்.

வியாழக்கிழமை பேப்பர் வந்தது. என் முப்பது வரியும் அப்படியே இருந்தன. மேலே, நடிகரின் முகத்துக்குக் குறுக்கே, தடித்த சிவப்பு எழுத்தில் ஆசிரியர் ஒரு வரி போட்டிருந்தார்: இதய பலவீனமுள்ளவர்கள் தவிர்க்கவும்.

நான் ஆசிரியரின் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் போடுகிறதுதானே, ஆளை இழுக்கிற வசனம்தானே, உங்களுடைய எழுத்தில் இந்த முறை காரம் இல்லை, அதுதான் சேர்த்தேன் என்றார். காரம் வேண்டாம் என்று டொக்டரே சொல்லியிருக்கிறார் என்று கத்தினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

அக்கா போன் எடுத்தார். முடிந்தது, இனி அவர் போகமாட்டார் என்று மட்டும் சொன்னார். பின்னால் அத்தானின் குரல் கேட்டது, என்னுடைய நெஞ்சு வருத்தத்தைப் பேப்பரில் போட்டு நாறடித்துவிட்டாள் என்று. அது நான் எழுதியது இல்லை என்று சொன்னேன். நான் எழுதாததை நான் எழுதவில்லை என்றால் நம்பாதவர்கள், பார்க்காததைப் பார்க்கவில்லை என்றால் மட்டும் நம்பப் போகிறார்களா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி அக்கா. பின்னால் ஒரே இரைச்சல், மேளம், யாரோ சீனவெடி கொளுத்துகிறார்கள். எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன். தியேட்டர் வாசலில், இப்போதுதான் படம் முடிந்தது என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, அத்தானுக்குக் கூடச் சொல்லாமல், முதல் காட்சிக்குத் தனியே போயிருக்கிறார். கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுகிற கூட்டத்துக்குள்ளால், கைத்தறிச் சேலையும் குடையுமாக. டிக்கெட் கிழிக்கிறவர் சிங்களத்தில், மிஸ், இது சண்டைப் படம், தெரிந்துதான் வந்தீர்களா என்று கேட்டாராம். தெரியாதபடியால்தான் வந்தேன் என்று அக்காவும் சிங்களத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனாராம். உன்னுடைய பேப்பரை நம்பிப் பிரயோசனமில்லை என்று எனக்கும் ஒரு குட்டு வைத்தார்.

பிறகு அறிக்கை வந்தது. வெடிகள் பல இடத்தில் இருக்கின்றன. ஆனால் எல்லாம் வெடிப்பதற்கு முன் பாட்டு மாதிரி ஒன்று ஏறுகிறது, ஆகவே திடுக்கிட ஒன்றும் இல்லை. அடிகள் ஒன்றும் மெய்யாகப் படுவதில்லை, விழுகிறவன் அடி வருமுன்னே விழுகிறான். இதையெல்லாம் பார்த்து ஒருவருக்கும் நெஞ்சு நோகாது. நான் எழுதிய எல்லாப் பக்கங்களையும் விட ஒழுங்கான முன்னோட்டம். எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

"அப்ப அத்தான் போகலாம்தானே?" என்றேன்.

அக்கா கூட்டத்தை விட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். மேளச் சத்தம் கொஞ்சம் குறைந்தது.

"ஓம். ஆனா இடைவேளைக்குப் பிறகு ஒரு இடம் வருது. வெடி ஒண்டும் இல்லை. அது அவருக்குச் சரிவராது. அந்த நேரம் ஆளை வெளியில கூட்டிக்கொண்டு போகவேணும்."

என்ன இடம் என்று கேட்டேன். வந்தால் தெரியும் என்றார். நீ பிள்ளைத்தாச்சியாக இருந்தபோதே எழும்பாத மனிசன், இப்போது எழும்புவாரா என்று கேட்டேன். அதற்குத்தான் நீயும் வருகிறாய், நான் அவரை இடித்ததும் நீ ஏதாவது சொல்லி இழு என்றார். ஞாயிறு பின்னேரக் காட்சிக்கு மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று என்றும் சொன்னார். என்னை இந்த முறையும் ஒருவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. அத்தான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு தியேட்டர் வாசலில் நின்றார், கோயிலுக்குப் போகிறவர் மாதிரி. என்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ. உள்ளே நடைபாதைப் பக்கம் அக்கா, நடுவில் அத்தான், இந்தப் பக்கம் நான். நடிகர் வந்ததும் விசில். முன்வரிசைக்காரர்கள் கலர்க் கடதாசியைக் கிள்ளி வீசினார்கள். அத்தான் கை தட்டினார். அக்கா ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடி, இப்போது வெடிக்கும், இனி இவன் சாவான் என்று ஒவ்வொன்றாக முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். இவ படத்தை முழுக்கச் சொல்லிப்போட்டா என்று அத்தான் என் காதில் முறையிட்டார். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. அவரை அப்படிப் பார்த்து ஒரு வருடமாகிவிட்டது.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் போனது. கதாநாயகனின் தகப்பனைச் சுட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரி. தள்ளுவண்டி உள்ளே போய்க் கதவு மூடியது. அதுவரை காது கிழிய இசை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு தாதி வந்து தாயின் கையில் ஒரு பையைக் கொடுத்தாள். தாய் கதிரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். பைக்குள் ஒரு சோடிச் செருப்பு. எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படித்தானே கொடுப்பார்கள்.

இதுதான் அந்த இடம் என்று எனக்குத் தெரிந்தது. அக்கா அவரை இடிப்பார் என்று காத்திருந்தேன். தலையிடி என்று சொல்வதா, பேர்ஸ் விழுந்துவிட்டது என்று சொல்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இடி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அக்கா அத்தானின் மணிக்கட்டை விட்டுவிட்டார். தன் கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அசையாமல் இருந்தார். வெளியே போக வேண்டியவர் அத்தான் இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்காவுக்கு அது முன்பே தெரிந்திருந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

நான் வாயைத் திறக்குமுன் அத்தான் திரும்பி அக்காவைப் பார்த்தார். அந்தக் கைகளைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் அவர் கதவுக்கு உள்ளே இருந்தவர். வெளியே இருந்ததை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிறகு எழும்பினார்.

"இஞ்சேரும், வாரும். ஒரு டீ குடிச்சிட்டு வருவம்."

"படம்?" என்றார் அக்கா.

"அது ஓடட்டும்."

பின்வரிசைக்காரன் மறைக்குது என்று கத்தினான். அத்தான் அதைக் காதில் போடாமல் அக்காவின் முழங்கையைப் பிடித்து நடைபாதையால் கூட்டிக்கொண்டு போனார். இருட்டில் அவர்கள் ஒவ்வொரு படியாக ஏறுவது தெரிந்தது.

கதவு மூடியதுதான் தாமதம், நடிகர் வந்தார். முழுப் படத்தையும் இந்த நிமிடத்துக்காகத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று எனக்கே விளங்கியது. ஆஸ்பத்திரி நடைவழியின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய, நரை முடியை மறைக்காமல், இளவயதில் செய்த மாதிரியே சேர்ட் கையை மடித்துக்கொண்டு, அந்த மனிதர் மெல்ல நடந்து வந்தார். தியேட்டர் எழும்பி நின்றது. விசில், கத்தல், சுற்றிவரக் கடதாசி மழை. பக்கத்துக் கதிரைகள் இரண்டும் வெறுமையாக இருந்தன. நான் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அது திறக்கவில்லை.

அவர்கள் வந்தபோது எல்லாரும் திரும்பக் கதிரைகளில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பொலிஸ்காரர்கள் ஒரு மேசையில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா முகம் கழுவியிருந்தார்.

"என்ன நடந்தது?" என்று அத்தான் குனிந்து கேட்டார்.

"ஒண்டுமில்லை அத்தான். சும்மா கதைச்சுக்கொண்டு இருந்தவங்கள்."

அவர் என் தலைமயிரில் சிக்கியிருந்த கலர்க் கடதாசித் துண்டு ஒன்றை எடுத்து, திரை வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்து, சேர்ட் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, படத்தின் பக்கம் திரும்பினார்.